தரைக்கு மேல் ஒரு முழம்

எட்டுக் கிலோ.
சமையலறைத் தராசு போதவில்லை,
தீவனக் கொட்டகையில் நிறுத்தேன்.
கோவேறு கழுதை ஆட்சேபிக்கவில்லை.
ஆட்சேபித்தது வெர்ல், என் கொழுந்தன்:
'கட்டில் ஏறினா விஸ்கி இறங்கணும், ட்வைலா.'
இறக்கினேன்.
கழுதைக்காது ஓடை வரை பதினான்கு மைல்
அவன் என்னோடு பேசவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் என் இடது இடுப்பு
வானிலை அறிக்கை வாசிக்கிறது.
போன அக்டோபரில் நான்கு இரவும் தரையில்;
ஒரு பைன் வேர்
என் விலா எலும்புகளை எண்ணி எண்ணிப் பார்த்தது.
கோழித்தூக்கம்.
ஐந்தாம் விடியலில், நாற்பது கஜத்தில், எல்க் கிடா.
குறிக்கம்பி என் கொட்டாவியோடு ஏறி
கொட்டாவியோடு இறங்கியது.
சுட்டது பாறையை.
ஐடஹோவில் என் பெயரில் ஒரு பாறை இருக்கிறது,
வெர்லைக் கேட்டால் காட்டுவான்.

அதனால் கட்டில்.
கடைசிக் குறுக்குச் சட்டம் பொருந்தவே பொருந்தாது.
காலால் மிதித்து, முழங்காலால் அழுத்தி,
தேவாலயத்தில் சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லி,
டக்.
சாம்பல் மண்ணில் புதையாதபடி காலுக்கொரு தட்டைக் கல்.
அடியில் பூட்ஸ், விளக்கு, தண்ணீர்ப் புட்டி:
கீழ்வீடு ஒன்றும் கிடைத்துவிட்டது.

முதல் இரவு நடுங்கிச் செத்தேன்.
தரை முதுகைக் குத்தும்; காற்றோ
முதுகையே திருடிக்கொண்டு போகும் என்று
யாரும் சொல்லவில்லை எனக்கு.
மேலே இரண்டு கம்பளி. கீழே
ஒரு முழ வெற்றிடம், அதற்குள்
மலையின் மூச்செல்லாம் போய் வந்தது.
தூக்கப்பையின் பஞ்சு என் எடைக்கு நசுங்கிக்
காகிதமாய்க் கிடந்தது.
வெர்ல் தரையில் குறட்டை விட்டான், இன்பமாக.
அந்தக் குறட்டையை நான் மன்னிக்கவில்லை.

இரண்டாம் இரவு கழுதையின் சேண விரிப்பைக்
கான்வாஸ் மேல் போட்டேன்.
வியர்வையும் ரோமமும் நாறும் வெதுவெதுப்பு.
படுத்தது தெரியும்.
பிறகு வெளிச்சம்.
நடுவில் மழையாம். கூடாரத்துக்குள் ஓடிய தண்ணீர்
என் கட்டிலுக்கு அடியில் புகுந்து,
என் பூட்ஸைச் சுற்றி,
நேராக வெர்லின் தலையணைக்குப் போனதாம்.
அவன் மகள் கோரின்
சிரித்துச் சிரித்துக் காப்பியைத் துப்பினாள்.

நான்காம் மாலை.
சரிவில் கொம்பு அசைந்ததை முதலில் கண்டவள் நான்,
மூன்று இரவு கடனில்லாத கண்.
சுட்டவள் கோரின்.
கிடா சில அடி நடந்தது, எதையோ மறந்ததைப் போல நின்றது,
உட்கார்ந்தது.

அறுத்து முடிக்க நட்சத்திரம் வந்துவிட்டது.
தொடைகளுக்குள் அதன் சூடு இன்னும் இருந்தது.
இரவுக்குள் ஆறாவிட்டால்
எலும்பைச் சுற்றிப் புளித்துவிடும்.
தொங்கவிட மரம் வேண்டும்;
மூன்று கோடைக்கு முன் எரிந்த காடு அது.
வெர்ல் கயிறு போட்ட கிளையெல்லாம்
சடசடவென அவன் தோள் மேல் கரியாய்ப் பொழிந்தன.

மூவரும் கட்டிலைப் பார்த்தோம்.
வெர்ல் தொப்பியைக் கழற்றினான், திரும்ப மாட்டினான்.
நானே தூக்கிப் போனேன்,
கூடாரத்திலிருந்து நூறு தப்படி,
கரடி வந்தால் அங்கேயே வரட்டும் என்று.
துணிப்பையில் சுற்றிய தொடைகளைப் பரப்பினேன்
ஒன்றையொன்று தொடாமல்.
என்னை நடுங்கவைத்த அதே காற்று
அடியில் நுழைந்து வேலையைத் தொடங்கியது.
விரிப்பு போடவில்லை.

அன்றிரவு தரை. வேர் இல்லை, கல் இருந்தது.
இருட்டில் வெர்ல்:
'தூங்கிட்டியா?'
'இல்ல.'
'விஸ்கி இருந்திருந்தா...'
'இருந்திருந்தா கட்டில் இருந்திருக்காது.'
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, ஈரம் காயாத அவன் மெத்தை
என் பக்கமாய்த் தள்ளப்படும் ஓசை.

விடியலில் போய்ப் பார்த்தேன்.
கான்வாஸ் ஓரமெல்லாம் உறைபனி.
இறைச்சி கல்லாய்க் குளிர்ந்திருந்தது.
கட்டில் நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது,
என்னைவிடக் கனமான யாரோ
ஒருமுறைகூடப் புரளாமல் தூங்கியதைப் போல.